ஜன்னலை அடைக்கும் முன்

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேஸ்திரி செங்கல்லோடு வந்து இறங்குவதற்குள் நீ இதைப் படித்துவிட வேண்டும், கண்ணு. வாயால் சொல்லத்தான் நினைத்தேன். நேற்று நீ வேலை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தேன். "இன்னாம்மா?" என்று நீ நிமிர்ந்தாய். மோர் போதுமா என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டேன். இது எனக்கு நேரில் வராது. அதனால்தான், உன் அப்பா சாப்பிட்டுக் கொஞ்சம் சாய்ந்திருக்கும் இந்த மத்தியான நேரத்தில், உன் பழைய காலேஜ் நோட்டின் பின்பக்கங்களில் எழுதுகிறேன். கையெழுத்து சாய்ந்து ஓடுகிறது, பொறுத்துக்கொள்.

செவ்வாய்க்கிழமை நீ புனேவுக்குக் கிளம்புகிறாய். ஒரு வருஷம் அங்கே வேலை என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். போவதற்கு முன் தறி ரூம் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசிவிட்டுத்தான் போவேன் என்று நிற்கிறாய். போன வாரம் பெய்த மழையில் ஜன்னலுக்குக் கீழே உள்சுவரில் ஒரு முறம் அகலத்துக்கு ஈரம் தெரிந்ததிலிருந்து உனக்குத் தூக்கம் சரியில்லை என்பதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். "நான் இல்லாதப்ப ஐப்பசில தண்ணி உள்ள வந்தா யாரும்மா பாக்கறது? அடைச்சிட்டா நிம்மதி" என்றாய். அரக்குக்கும் மெரூனுக்கும் வித்தியாசத்தைப் பகல் வெளிச்சத்தில் மட்டுமே நம்புகிற உன் அப்பா, "அவன் சொன்னா சரிதான்" என்று குனிந்தபடியே சொன்னார். அது ஏன் என்று நேற்று மத்தியானம் வரை எனக்குத் தெரியாது.

ஆனால் நீ ஏன் அடைக்க நினைக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். போன வாரத்து ஈரம் அதற்குக் காரணமில்லை. உனக்கு ஏழு வயசானபோது இதே ஜன்னல் வழியாகத் தண்ணீர் வந்து கல்யாணப் புடவைக்குத் தறியில் ஏற்றிய பாவு நனைந்ததே, அதுதான் காரணம். நீ கப்பல் விட ஜன்னலைத் திறந்து, மூட மறந்ததால்தான் அது நனைந்தது என்று பதினைந்து வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறாய். வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொன்னோம். அது உண்மையில்லை. பாவு நனைந்தது உன்னால் இல்லை, என்னால். இந்த ஒரு வரியை எழுதத்தான் இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. எழுதிவிட்டேன். இனி எப்படி என்று சொல்கிறேன்.

நம் தறி ரூமை நீ எப்போதும் பள்ளம் என்றுதான் பார்த்திருக்கிறாய். நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது ரோட்டிலிருந்து இரண்டு படி ஏறித்தான் உள்ளே வர வேண்டும். அப்புறம் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போட்டார்கள். இன்னொரு முறை போட்டார்கள், இன்னொரு முறையும். நீ ஸ்கூலுக்குப் போகத் தொடங்கிய காலத்தில் வாசலும் ரோடும் சமமாக இருந்தன. இப்போது இரண்டு படி இறங்கி வருகிறோம். செவிலிமேட்டில் வீடு கட்டிக்கொண்டு போன உன் அத்தை போன பொங்கலுக்கு வந்தவள், "எல்லார் வீடும் வளருது, உங்க வீடு மட்டும் எனக்குப் பயந்து குனிஞ்சிக்கினே போவுதே" என்றாள். சிரித்தோம். ஆனால் தறி ரூம் ஜன்னல் ஏற்கெனவே தாழ்ந்த ஜன்னல். குழித்தறியில் நெய்கிறவர் காலைக் குழிக்குள் விட்டுத் தரையோடு தரையாக உட்காருகிறார், வெளிச்சம் அவர் மடி உயரத்துக்கு வர வேண்டும் என்பதற்காக ஒன்றரை அடி உயரத்தில் வைத்தது. வீடு அப்படியே நிற்க ரோடு எழும்பி எழும்பி, இன்றைக்கு அந்த ஜன்னலின் அடிக்கட்டைக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருக்கிறது. மாடி வீட்டுக்காரர்கள் நிலவறை என்று காசு கொடுத்துத் தோண்டுவதை நமக்கு ரோடு போடுகிறவர்களே செய்து கொடுத்துவிட்டார்கள்.

உனக்கு ஐந்து வயசில் மர ஜன்னலை எடுத்துவிட்டு அலுமினிய ஜன்னல் வைத்தோம், பக்கவாட்டில் தள்ளித் திறப்பது. அதற்கு அடியில் கதவு ஓடும் தண்டவாளம் இருக்கிறதே, அதன் வெளிப்பக்கத்தில் பட்டாணி அளவில் மூன்று ஓட்டைகள் இருக்கும். கண்ணாடியில் அடிக்கும் மழை வழிந்து தண்டவாளத்தில் விழும், அந்த ஓட்டை வழியாக வெளியே போகும். இவ்வளவுதான் விஷயம். பொருத்த வந்தவர் விரலால் தொட்டுக் காட்டி, "இத மட்டும் அடைச்சிடாதீங்க, குப்பை சேராம பாத்துக்குங்க" என்றார். நான் தலையாட்டினேன். பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்தவளுக்குத் தண்ணீர் எங்கே போகும் என்று ஒருவர் சொல்லித்தர வேண்டுமா என்ற நினைப்பு வேறு.

அதற்கப்புறம் இரண்டு வருஷத்தில், ஜன்னலுக்குக் கீழே லேசாக ஒரு ஈரம் எப்போதும் இருந்தது. வேறு வீட்டில் என்றால் உடனே ஆளைக் கூப்பிட்டிருப்பார்கள். நெசவு வீட்டில் நாங்கள் சந்தோஷப்பட்டோம். காய்ந்த காற்றில் பட்டு இழை முறுக்கிக்கொண்டு படக் படக்கென்று அறுந்துபோகும் என்பது உனக்கே தெரியும், சித்திரையில் நானே தறிக்குழியைச் சுற்றித் தண்ணீர் தெளிப்பேன். அந்த மூலை மட்டும் தெளிக்காமலே குளிர்ந்திருந்தது. "இந்த வருசம் இழையே அறல பாத்தியா" என்று உன் அப்பா பெருமையாகச் சொன்னார். சொன்னதோடு நிற்கவில்லை. நெய்ய வேண்டிய மிச்சப் பாவு இழையைச் சுருட்டி மூட்டையாகக் கட்டி வைப்போமே, அதை எதிர்ச் சுவரிலிருந்து எடுத்து வந்து இந்த ஜன்னலுக்குக் கீழே கட்டிவிட்டார், பதமாக இருக்கட்டும் என்று. சுவர் எங்கேயோ தண்ணீர் குடிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்த ஈரத்தை நாங்கள் வரமாக எடுத்துக்கொண்டோம். நமக்குச் சௌகரியமாக இருக்கிற கோளாறை நாம் கோளாறு என்று பார்ப்பதே இல்லை. புனேயில் உனக்கு ஒரு ரூம் கொடுப்பார்கள், ஒரு மேலாளர் இருப்பார், சிநேகிதர்கள் வருவார்கள். இதை அங்கேயும் ஞாபகம் வைத்துக்கொள்.

பாவுக்குக் கஞ்சி போட்டிருப்பதால் கரப்பான்பூச்சி வரும், இழையைக் கடித்துவிடும். ஒரு நாள் தண்டவாளத்து ஓட்டை வழியாக ஒரு கரப்பான் மீசையை ஆட்டிக்கொண்டு உள்ளே வருவதை நானே பார்த்தேன். அப்போது தறியில் இருந்தது தென்னேரிப் பக்கத்து விவசாயி ஒருவர் தன் மகள் முகூர்த்தத்துக்கு நேரில் வந்து சொல்லிவிட்டுப் போன புடவை. சந்தன நிற உடல், அரக்குச் சிவப்பு பார்டர். கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. ஒரு இழைகூடக் கடிபடக் கூடாது என்று பயந்து, கீழே கிடந்த சிவப்புக் கழிவு நூலைத் திரித்து மூன்று ஓட்டையிலும் செருகினேன். நன்றாகக் குச்சியால் குத்திச் செருகினேன். கெட்டிக்காரத்தனமாகச் செய்துவிட்டோம் என்று நினைத்தேன். உன் அப்பாவிடம் சொல்லவில்லை, சொல்லுகிற அளவுக்கு அது ஒரு வேலையாகவே தோன்றவில்லை.

நாலாவது நாள் மழை. ஸ்கூல் லீவு விட்டுவிட்டார்கள். தெருவெல்லாம் தண்ணீர். நீ ஜன்னல் பக்கம் முழங்கால் போட்டுக்கொண்டு, கையை வெளியே நீட்டி, கணக்கு நோட்டுக் காகிதத்தில் கப்பல் விட்டுக்கொண்டிருந்தாய். வீட்டுக்குள் இருந்தபடியே தெருவில் கப்பல் விட முடிகிறது என்று உனக்கு அவ்வளவு ஆனந்தம். மூன்று மணிக்கு ஒரு வளைகாப்புக்குக் கிளம்பினோம். கிளம்பும்போது ஜன்னலை நான் மூடினேன். தள்ளி, கொக்கி போட்டு, கையால் அழுத்திப் பார்த்தேன். இதை எவ்வளவு தெளிவாகச் சொல்கிறேனோ அவ்வளவு தெளிவாக அன்றைக்கும் எனக்குத் தெரிந்திருந்தது.

இருட்டுவதற்குள் திரும்பிவிட்டோம். கரண்ட் இல்லை. உன் அப்பா டார்ச் அடித்துக்கொண்டு தறி ரூமுக்குள் போனவர் அப்படியே பாவு மூட்டை முன்னால் குந்திவிட்டார். காற்று அந்தப் பக்கமாகவே அடித்திருக்கிறது. வெளியே போக வழி இல்லாத தண்ணீர் தண்டவாளத்தை நிரப்பி, விளிம்பு தாண்டி உள்பக்கமாக வழிந்து, நேரே பாவு மூட்டையில் இறங்கியிருந்தது. பார்டர் இழையின் சிவப்பு சந்தன இழைக்குள் ஓடிவிட்டது. "ஜன்னல யார்ரா தொறந்தது?" என்றார். நீ முன்னால் வந்து, "நான்தான்பா, கப்பல் விட" என்றாய். உண்மையைத்தான் சொன்னாய், மத்தியானம் திறந்தது நீதான். அவர் அடித்தார். இரண்டு அடி. அதற்கு முன்னும் பின்னும் அவர் உன்னை அடித்ததே இல்லை.

நான் தண்ணீரைத் துடைக்கப் போனேன். ஜன்னல் மூடியபடி, கொக்கி போட்டபடி இருந்தது. தண்டவாளத்தில் தொட்டி மாதிரித் தண்ணீர் நின்றது. அதற்குள் என் சிவப்புத் திரி தெரிந்தது. ஒரே பார்வையில் எல்லாம் புரிந்துவிட்டது எனக்கு. ஏழு வயசுப் பிள்ளைக்கு அம்மா என்றாலும் எனக்கு அப்போது இருபத்தொன்பதுதான். "படிச்ச பொண்ணு, தறி வேல எங்க தெரியப்போவுது" என்று இந்த வீட்டில் நிறையக் கேட்டிருந்தேன். பார்டரை உடலோடு இணைக்கும் கோர்வைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து இழை ஓட்டும் நாடாவைத் தள்ளக் கற்றுக்கொண்டு அந்தப் பேச்சை அப்போதுதான் ஒருவாறு நிறுத்தியிருந்தேன். இப்போது நான்தான் என்று சொன்னால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று துணியைப் பிழிந்தேன்.

காலையில் சேதி போய்த் தென்னேரிக்காரர் வந்தார். பார்த்தார். தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார், எங்களை ஒரு கடுஞ்சொல்கூடச் சொல்லவில்லை. வேறு புடவை பார்த்துக்கொள்கிறோம், மகளுக்குத்தான் இந்த நிறம் பிடித்திருந்தது என்றார். கிளம்பும்போது நீ கதவு மறைவிலிருந்து வந்து அவர் எதிரில் நின்றாய். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. "தாத்தா, நான்தான் ஜன்னல மூடல. அந்த அக்காகிட்ட சொல்லிடுங்க" என்றாய். அவர் உன் தலையில் கை வைத்து, "வுடு நைனா, மழைக்குத் தெரியுமா யார் வூட்டுக் கல்யாணம்னு" என்றார். நான் இரண்டடி தள்ளி நின்றேன். வாயைத் திறக்க ஒரு நிமிஷம் இருந்தது. நான் செய்த தப்புக்கு என் பிள்ளை அந்நிய மனுஷரிடம் மன்னிப்புக் கேட்பதைப் பார்த்துக்கொண்டு, அவருக்குத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனேன். கண்ணு, ஓட்டையை அடைத்தது தெரியாமல் செய்தது. இது தெரிந்தே செய்தது.

அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் சொல்லியிருக்கலாம். நாள் ஆக ஆக, சொல்வதைவிட இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி பெரிதாகிக்கொண்டே போனது. நீயோ மறந்துவிட்டாய் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். நீ மறக்கவில்லை. ஒரகடத்து வேலையிலிருந்து வந்ததும், ஷூவைக் கழற்றுவதற்கு முன்னால், தறி ரூமுக்குள் போய் ஜன்னலைக் கட்டைவிரலால் இரண்டு தரம் அமுக்குகிறாய். நீ செய்வது உனக்கே தெரியாது என்று நினைக்கிறேன். புனேயில் உனக்கு ஏழாவது மாடியில் ரூம் கொடுத்தாலும் அமுக்குவாய். என்னால் இதோடு உன்னை ரயிலேற்ற முடியவில்லை.

சரி, இப்போதைய ஈரத்துக்கு வருகிறேன். அதையும் பயத்தால் முடிவு செய்யாதே. புதன்கிழமை உன் அப்பா புடவை கொடுக்கப் போயிருந்தார். வெயில் நன்றாக இருந்தது. ஒரு பக்கெட் தண்ணீரும் மக்கும் எடுத்துக்கொண்டு ரோட்டில் போய் உட்கார்ந்தேன். உள்சுவரில் ஈரம் தெரிகிற இடம் வேறு, தண்ணீர் நுழைகிற இடம் வேறு. இதைக் கண்டுபிடிக்கக் கீழேயிருந்து மேலே போக வேண்டும். மேலே ஊற்றினால் எல்லா இடமும் நனைந்து எது திருடன் என்று தெரியாது. முதலில் ஜன்னலுக்குக் கீழே இருக்கும் சுவரில் மட்டும் கால் மணி நேரம் ஊற்றினேன், உள்ளே ஓடி வந்து காய்ந்த செய்தித்தாளைச் சுவரில் ஒற்றிப் பார்த்தேன். நனையவில்லை. அடுத்து அடிக்கட்டை. எதிர் வீட்டு அக்கா வாசலில் நின்று, "இன்னாமா, ஜன்னலுக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தறியா? மஞ்ச குடுக்கவா?" என்றாள். குடு என்றேன். அடிக்கட்டையிலும் ஒன்றுமில்லை. அப்புறம் தண்டவாளத்தில் ஊற்றினேன். தண்ணீர் மூன்று ஓட்டை வழியாகவும் சர்ரென்று வெளியே ஓடியது. கடைசியாக இடப்பக்கம், அலுமினியச் சட்டமும் சுவரும் சேருகிற கோட்டில் ஊற்றினேன். ஐந்து நிமிஷத்தில் செய்தித்தாள் நனைந்துவிட்டது.

ஆக ஜன்னல் ஒழுகவில்லை. சட்டத்தைச் சுற்றி அடைத்திருந்த பட்டி சுருங்கி, இந்த வருஷம் ரோடு போட்ட ரோலர் அதிர்ச்சியில் விரிசல் விட்டிருக்கிறது. விரல் நகம் நுழைகிற விரிசல். இதற்குச் செங்கல் எதற்கு? பழைய பட்டியை முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும், அதன் மேலேயே புதுசு தடவினால் ரோட்டுக்காரர்கள் செய்கிற வேலைதான் அது. தூசியைத் துடைத்து, இரண்டு நாள் காய வைத்து, உள்ளே பஞ்சுக் கயிறு கொடுத்து, வெளிப்பக்கம் மழை தாங்குகிற சீலன்ட் பசையை அடித்து, சோப்புத் தண்ணீர் தொட்ட விரலால் ஒரே இழுப்பாக இழுத்துவிட வேண்டும். அடிக்கட்டை உள்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, மேஸ்திரி அதை வெளிப்பக்கம் சரிவாகப் பூசட்டும். மேலே வெயில்தடுப்பின் அடி விளிம்பில் நீளப் பள்ளமாக ஒரு காடி எடுக்கச் சொல், தண்ணீர் சுவரோடு திரும்பி வராமல் அங்கேயே சொட்டிவிடும். ரோட்டுத் தண்ணீருக்குத்தான் கொஞ்சம் பெரிய வேலை. ஜன்னலுக்கு வெளியே முழங்கால் உயரத்துக்கு ஒரு தடுப்புச் சுவரைச் சின்னத் தொட்டி மாதிரிக் கட்டி, உள்ளே ஜல்லி கொட்டி, அடியில் ஒரு குழாய் வைத்துத் தெருக் கால்வாயில் விட வேண்டும். கால்வாயின் தரை இன்னும் நம் ஜன்னலைவிடத் தாழ்வாகத்தான் இருக்கிறது, கயிறு பிடித்துப் பார்த்துவிட்டேன். அப்புறம் அந்த ஜன்னலுக்குக் கீழே இருக்கிற ப்ளக் பாயின்ட். அதை நீ ஊருக்குப் போவதற்கு முன் மேலே மாற்றிவிடு. மற்றதில் என்னோடு சண்டை போடு, இதில் வேண்டாம்.

அடைத்தால் என்ன ஆகும் என்றும் யோசித்தேன். செங்கல்லும் பூச்சும் தண்ணீர் குடிக்கும். ரோட்டோரமாக இருக்கிற சுவர் இன்னும் நன்றாகக் குடிக்கும். தண்ணீர் வருவது நிற்காது, வருவது தெரிவதுதான் நின்றுபோகும். உன் அப்பா ட்யூப் லைட்டில் நிறம் பார்த்துக்கொண்டு, நாம் மறுபடியும் இழை அறவில்லை என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்போம்.

புதன்கிழமை வேலை முடிந்து பக்கெட்டைக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. மூன்று ஓட்டையும் எப்படி அவ்வளவு சுத்தமாக இருக்கின்றன? என் திரி அப்புறம் பெய்த மழைகளில் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியே போயிருந்தாலும் பதினைந்து வருஷத்து ரோட்டுப் புழுதி இருக்க வேண்டுமே.

நேற்று மத்தியானம் நாங்கள் இரண்டு பேரும் தறியில் இருந்தோம், அவர் அந்தப் பக்கம், நான் கோர்வைப் பக்கம். நாடாவை அவரிடம் தள்ளிவிட்டுச் சொன்னேன், அன்றைக்கு ஜன்னலை நான் மூடிவிட்டுத்தான் வந்தேன், ஓட்டையை அடைத்ததும் நான்தான் என்று. அவர் நிறுத்தவில்லை. இன்னும் இரண்டு இழை போட்டார். அப்புறம் இழையை அடிக்கும் பலகையைப் பிடித்துக்கொண்டார்.

"தெரியும்" என்றார்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"அந்தத் தென்னேரி ஆளு வந்துட்டுப் போனானே, அன்னிக்கே. அவன் போன பெறவு பாவ வெயில்ல போட்டுட்டு வந்து பாக்கறேன், ஜன்னலு மூடிக்கினு இருக்குது, வெளிய ஓட்டைல செவப்பு நூலு. புடிச்சு இழுத்தா திரி திரியா வருது."

"அப்ப ஏங்க சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

தெருவில் யாரோ ஸ்கூட்டரில் போனார்கள், சக்கரம் எங்கள் தலை உயரத்தில் போனது. அப்புறம் அவர்தான் பேசினார். "புள்ள ஒத்துக்கினான், நான் அடிச்சிட்டேன். மறுநாள் போய் தப்பு உன்னுது இல்லடான்னு சொன்னா, அடிச்ச அடி இன்னா ஆவறது? அத எங்க கொண்டுபோய் வெக்கறது? இப்ப அவன் சம்பாரிக்கறான், ஜன்னல அடைக்கணுங்கறான். வேணாம்னு சொல்ற வாயி எனக்கு இல்ல. இருட்டுல நெய்யறேன், வுடு."

பிறகு புடவை சுருட்டும் பீம் பக்கத்தில் செருகியிருந்த ஒரு அச்சுப் பல்லை எடுத்துக் காட்டினார். இழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்பு மாதிரியான அச்சு உடைந்தால் அதிலிருந்து எடுத்து வைப்பாரே, நாணல் சீவல் மாதிரி மெல்லிசாக, அதுதான். ஒவ்வொரு ஆடி முடிவிலும், மழை தொடங்குமுன், நீ ஸ்கூலுக்கோ வேலைக்கோ போன பிறகு, வெளியே ரோட்டில் குந்திக்கொண்டு அந்த மூன்று ஓட்டையையும் குத்திச் சுத்தம் செய்திருக்கிறார். பதினைந்து வருஷமாக. உள்ளே நீ கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டிருந்தாய், வெளியே அவர் குத்திக்கொண்டிருந்தார். நடுவில் நான் சமைத்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு சின்ன வீட்டில் மூன்று பேர் ஒரே ஜன்னலைப் பற்றி ஒருவருக்கொருவர் சொல்லாமல் இருந்திருக்கிறோம்.

இதைப் படித்ததும் உனக்குக் கோபம் வரும். வரட்டும். அதைக் கட்டிக்கொண்டு புனேவுக்குப் போகாதே, இங்கேயே என்னிடம் இறக்கிவிட்டுப் போ. அவரைவிட என்னிடம் அதிகமாகக் கோபப்பட உனக்கு நியாயம் இருக்கிறது. அவர் அறியாமல் அடித்தார், நான் அறிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நான் மன்னிப்புக் கேட்பதற்கு நீயும் தென்னேரிக்காரர் மாதிரி, பரவாயில்லை என்று தலையைத் தடவ வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எவ்வளவு நாள் வேண்டுமோ எடுத்துக்கொள். அந்தக் கல்யாணப் பெண்ணுக்கு இப்போது உன்னளவு இல்லாவிட்டாலும் பெரிய பிள்ளைகள் இருப்பார்கள். அவளிடமும் நான் சொல்ல வேண்டியதுதான். வீடு தெரியும், உன்னை ரயிலேற்றிவிட்டுத் தென்னேரிக்கு ஒரு பஸ் ஏறலாம் என்று இருக்கிறேன்.

மேஸ்திரியை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. உளியும் கொண்டுவாங்க என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். "அடைக்கறதுக்கு உளி எதுக்குமா, பிசிக்ஸ்லயா வருது?" என்றார். முடிவு உன்னுடையது. எல்லாம் படித்த பிறகும் அடைத்துவிட்டுப் போவதுதான் உனக்கு நிம்மதி என்றால், சாந்துச் சட்டியை நானே எடுத்துக் கொடுக்கிறேன். அதற்கு முன் ஒன்றே ஒன்று செய். மேஸ்திரி வருவதற்குள் ஒரு சொம்புத் தண்ணீர் எடுத்துக்கொள். ஜன்னலை மூடி, கொக்கி போட்டு, வெளியே ரோட்டுக்குப் போய்த் தண்டவாளத்தில் ஊற்று. அப்பா அங்கே இருப்பார். முட்டி வலிக்கிறது, இந்த ஆடியில் குந்த முடியாமல்தான் குத்தினேன் என்றார். அச்சுப் பல்லை உன்னிடம் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். கொடுக்கும்போது உன் முகத்தைப் பார்க்க மாட்டார், நீயும் பார்க்க வேண்டாம். இரண்டு பேரும் குந்திக்கொண்டு தண்ணீர் எந்தப் பக்கம் வருகிறது என்று மட்டும் பாருங்கள்.

உன் அப்பா எழுந்துவிட்டார், தறிக்குக் கூப்பிடுகிறார். இதை உன் டிபன் பைக்குள் அல்ல, ஜன்னல் கொக்கியில் செருகி வைக்கிறேன். வந்ததும் முதலில் அங்கேதான் போவாய். அமுக்கிப் பார்க்காதே, கண்ணு. அன்றைக்கும் அது மூடித்தான் இருந்தது.